போன் குறிப்புகளில் எது பலிக்கும், எது பலிக்காது? பேட்டரி, ரேம், ஸ்டோரேஜ் பற்றி ஒரு விளக்கம்

ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்கிறது ஒரு குறிப்பு. போன் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், கவலை வேண்டாம் என்கிறது இன்னொன்று. திறந்த ஆப்களை உடனே மூடு என்று ஒருவர் சொன்னால், மூடினால்தான் சார்ஜ் அதிகம் போகும் என்று அடுத்தவர் சொல்கிறார். இரண்டு பக்கமும் அடித்துச் சொல்வதால் படிக்கிறவருக்கு எதை நம்புவது என்று தெரிவதில்லை.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம், குறிப்புகள் காரணத்தை விட்டுவிட்டுத் தனியாகப் பரவுவதுதான். ஒரு காலத்து பேட்டரிக்குச் சரியாக இருந்த அறிவுரை, அந்த பேட்டரியே வழக்கொழிந்த பிறகும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வகைத் திரைக்குப் பொருந்துவது எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுகிறது. ஆகவே குறிப்புகளுக்குப் போவதற்கு முன்னால், அவை தொடும் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால், நாளை புதிதாக வரும் குறிப்பையும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

## பேட்டரிக்குள் நடப்பது

இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. சோனி நிறுவனம் 1991-ல் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே இரண்டு தகடுகள். ஒன்று கிராஃபைட், இன்னொன்று கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. நடுவே மின்பகுளி எனும் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் லித்தியம் பக்க வினைகளில் சிக்கி, மறுபடி பயன்படாமல் போகிறது. பேட்டரி வயதாகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த வயதாகும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் விஷயங்கள் சில இருக்கின்றன.

1. வெப்பம். எல்லா வேதிவினைகளையும் போல இந்தப் பக்க வினைகளும் சூட்டில் வேகமாக நடக்கும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். குளிருக்கும் ஒரு எல்லை உண்டு. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும்.

2. நிரம்பிய நிலை. 100 சதவீதத்தில் பேட்டரியின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் மின்பகுளி சிதைவது வேகமாகிறது. ஒரு மணி நேரம் நிரம்பியிருப்பதால் ஒன்றும் ஆகாது. தினமும் பல மணி நேரம் அப்படியே இருப்பது, அதுவும் சூட்டில் இருப்பது, நாளடைவில் தெரியும்.

3. அடியோடு தீர்ப்பது. மாதம் ஒருமுறை பூஜ்ஜியத்துக்கு இறக்கி ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. அதற்கு "நினைவு விளைவு" என்ற குறை இருந்தது. பாதியில் சார்ஜ் போட்டால் கொள்திறன் குறைந்ததுபோல நடந்துகொள்ளும். லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை. அடிக்கடி அடியோடு தீர்ப்பதுதான் இதற்கு ஆகாது.

4. சார்ஜ் சுற்று. ஒவ்வொரு முறை சொருகுவதும் ஒரு சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். மொத்தமாக 100 சதவீத அளவு செலவானால்தான் ஒரு சுற்று. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று. ஆகவே நேரம் கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போடலாம், தவறே இல்லை.

எத்தனை சுற்று தாங்கும்? ஐபோன் 14 வரையிலான போன்களுக்கு, உகந்த சூழலில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்திறன் இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது.

சரி, ராத்திரி முழுக்க சார்ஜில் போடலாமா? போன் நிரம்பியதும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும், அளவுக்கு மீறி ஏறாது. இந்த வகையில் இரண்டாவது கட்சி சொல்வது சரி. ஆனால் விடியும்வரை 100-லேயே நிற்பது மேலே சொன்ன இரண்டாவது காரணத்தில் விழுகிறது, அந்த வகையில் முதல் கட்சி சொல்வதும் சரி. தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஆப்பிள் 2019-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 13-ல் கொண்டுவந்த ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங், நாம் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு 80-ல் காத்திருந்து, கடைசியில் மீதியை ஏற்றும். கூகுளின் பிக்சல் போன்களில் அடாப்டிவ் சார்ஜிங் என்று இதே வேலையைச் செய்யும் வசதி உண்டு. 80 சதவீதத்தோடு நிறுத்திவிடும் வரம்பும் இப்போது பல போன்களில் இருக்கிறது.

அந்த வரம்பைப் போடலாமா என்றால், 80 உங்கள் நாளுக்குப் போதுமானால் போடுங்கள். மாலையிலேயே தீர்ந்து தவிக்க வேண்டியிருந்தால் போட வேண்டாம். இரண்டு வருடம் கழித்து மிஞ்சப்போகும் சில சதவீதத்துக்காக இன்றைக்கே அவதிப்படுவதில் பொருளில்லை. வெப்பத்தைத் தவிர்ப்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. காரின் முகப்பில் போனை மாட்டி, நேர் வெயிலில், வழிகாட்டி மேப்பை ஓடவிட்டு, சார்ஜரும் சொருகியிருக்கிற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓயாமல், சார்ஜ் ஏறும் சூடு வேறு, மேலே வெயில். நான்கும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. "சூடு ஆறும்வரை சார்ஜிங் நிறுத்தப்பட்டது" என்ற எச்சரிக்கை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான். போனை ஏசி காற்று வரும் துவாரத்துக்கு எதிரே மாற்றுங்கள், உறையைக் கழற்றுங்கள். வழி தெரிந்த நீண்ட சாலை என்றால் திரையை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டுதல் மட்டும் கேளுங்கள்.

வேகச் சார்ஜிங் பற்றியும் இதே பார்வையில் சொல்லிவிடலாம். முதல் கட்டத்தில் மின்னோட்டம் அதிகமாகவும் நிலையாகவும் போகும். வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதனால்தான் முதல் பாதி சட்டென்று ஏறுகிறது, கடைசி 20 சதவீதம் இழுத்தடிக்கிறது. அவசரம் என்றால் 80 வரை ஏற்றிவிட்டுக் கிளம்புவதே லாபம். வயர்லெஸ் சார்ஜிங் வசதியானதுதான், ஆனால் கம்பி வழியை விட அதில் வீணாகும் ஆற்றல் அதிகம், அது வெப்பமாகவே வெளிவருகிறது.

இங்கேயே பவர் பேங்க் சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். 10000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க், 5000 கொண்ட போனை ஏன் இரண்டு முறை நிரப்புவதில்லை? 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணி. போனின் 5000-ஐ 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். காகிதத்திலேயே இரண்டு முறைக்குச் சற்றுக் குறைகிறது. வோல்டேஜை ஏற்றி இறக்குவதில் கணிசமான பகுதி வெப்பமாகப் போய்விடும். கைக்குக் கிடைப்பது சுமார் ஒன்றரை முறை. ஏமாற்று வேலை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வாங்கும்போது வாட் மணி எண்ணைப் பாருங்கள், ஒப்பிடுவதற்கு அதுதான் நம்பகமானது.

## வயதான பேட்டரி போனையே மெதுவாக்குமா?

ஆக்கும். பேட்டரி பழசானால் கொள்திறன் குறைவதோடு அதன் உள்மின்தடையும் கூடுகிறது. கேமராவைத் திறப்பது, கேம் விளையாடுவது போன்ற கணங்களில் செயலி (ப்ராசஸர்) திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும். மின்தடை கூடிய பேட்டரியில் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் படக்கென்று அணைந்துபோவது இதனால்தான்.

அப்படி அணையாமல் இருக்க, பழைய பேட்டரி கொண்ட ஐபோன்களில் செயலியின் உச்ச வேகத்தைக் குறைத்திருப்பதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. முன்னமே சொல்லாமல் செய்ததால் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2018-ல் வந்த ஐஓஎஸ் 11.3-ல் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பார்க்கவும், அந்த வேகக் குறைப்பை நிறுத்தவும் வசதி தந்தார்கள். பேட்டரியை மாற்றியதும் போன் பழையபடி வேகமாகிவிட்டது என்று சிலர் சொல்வதில் மிகை இல்லை.

## சார்ஜ் எங்கே போகிறது?

பெரும்பாலானவர்களின் போனில் சார்ஜை அதிகம் தின்பவை திரையும் சிக்னலும். ப்ளூடூத்தை அணை, லொகேஷனை அணை என்று குறிப்புகள் சொல்வதில் மிச்சமாவது சொற்பம். இணைப்பில் எதுவும் இல்லாத ப்ளூடூத் மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். லொகேஷன் பொத்தான் இயக்கத்தில் இருப்பதால் மட்டும் ஜிபிஎஸ் ஓடாது, ஏதாவது ஒரு ஆப் இடத்தைக் கேட்டால்தான் ஓடும். கவனிக்க வேண்டியது எந்த ஆப் கேட்கிறது என்பதை.

திரை. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிகிறது. கறுப்பு நிறம் காட்டினாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே திரைப் பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் மோடால் அதில் சார்ஜ் மிச்சமாகாது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. அப்படியானால் ஓஎல்இடி போனில் டார்க் மோட் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? 2021-ல் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம். அதாவது வீட்டுக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவருக்கு டார்க் மோட் கண்ணுக்கான விஷயம் மட்டுமே. வெயிலில் வேலை செய்பவருக்கு அது பெரிய லாபம்.

எந்தத் திரையானாலும் வெளிச்சத்தைத் தானியங்கியில் விடுவதும், தொடாமல் விட்டால் 30 நொடியில் அணையும்படி வைப்பதும் பலன் தரும். 120 ஹெர்ட்ஸ் திரையை, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையை, 60-க்கு இறக்கினாலும் மிச்சம் உண்டு, ஆனால் நகர்வின் மென்மை போய்விடும். சார்ஜ் குறைந்த நாளில் மட்டும் செய்தால் போதும்.

சிக்னல். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது, அதற்கு ஆற்றல் அதிகம் செலவாகும். ஓடும் ரயிலில் டவர் மாறிக்கொண்டே இருக்கும். அடித்தளத்து அறைகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். போனைத் தொடாமலே சார்ஜ் இறங்கும் நாட்களை யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில் இருந்திருப்பீர்கள். செய்யக்கூடியவை:

1. பாட்டு, மேப், வீடியோ ஆகியவற்றை வைஃபை கிடைக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் மோசமான வழியில் போன் டவரோடு போராட வேண்டியதில்லை.

2. இரண்டு சிம் போட்டிருந்து, ஒன்றுக்கு அந்த இடத்தில் சிக்னலே இல்லையென்றால், அந்த சிம்மை செட்டிங்ஸில் தற்காலிகமாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் அதற்காக ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும்.

3. சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தில் நெடுநேரம் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஃப்ளைட் மோட் போடுங்கள். அங்கே வைஃபை இருந்தால் அதை மட்டும் மறுபடி இயக்கலாம். வைஃபை காலிங் வசதி இருந்தால் அழைப்புகளும் வரும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பேட்டரி யூசேஜ் பக்கத்தை ஒருமுறை திறந்து படியுங்கள். அதில் ஒவ்வொரு ஆப்புக்கும் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று திரையில் இருந்த நேரம், மற்றது பின்னணியில் ஓடிய நேரம். மூன்று மணி நேரம் வீடியோ பார்த்த ஆப் பட்டியலின் உச்சியில் இருப்பது இயல்பு. திரையில் ஐந்தே நிமிடம் இருந்துவிட்டுப் பின்னணியில் நான்கு மணி நேரம் ஓடிய ஷாப்பிங் ஆப் ஒன்று மேலே நின்றால், அதைத்தான் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றுங்கள். ஐபோனில் பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ் பட்டியலில் அதை அணையுங்கள்.

## ஆப்களை மூட வேண்டுமா?

கணினிப் பழக்கத்திலிருந்து வந்த நம்பிக்கை இது. கணினியில் பத்து நிரல் திறந்திருந்தால் பத்தும் ஓடும். போனில் அப்படி இல்லை.

ரேம் என்பது செயலி உடனடியாக எடுத்தாள்வதற்கான தற்காலிக நினைவகம். ஒரு ஆப்பை விட்டு வெளியே வந்ததும் இயங்குதளம் அதைச் சிறிது நேரத்தில் உறையவைக்கிறது. அது ரேமில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. ரேமில் சும்மா இருப்பதற்கென்று தனியாகச் சார்ஜ் செலவில்லை, ரேம் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறு ஆப்புக்கு இடம் தேவைப்பட்டால், நெடுநாள் தொடாததை இயங்குதளமே வெளியேற்றிவிடும். நீங்கள் கையால் தள்ளி மூடினால், அடுத்த முறை அந்த ஆப் ஸ்டோரேஜிலிருந்து முழுதாக ஏறி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் செயலி கூடுதலாக உழைக்கிறது. 2016-ல் இந்தக் கேள்வி ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியிடமும் ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமரிடமும் போனபோது, இருவருமே மூடுவதால் பேட்டரிக்குப் பயனில்லை என்றுதான் சொன்னார்கள்.

எப்போது மூடலாம்? ஆப் உறைந்து நின்றுவிட்டால் மூடலாம். வழிகாட்டி மேப், வீடியோ அழைப்பு, பாட்டு போன்றவை வேலை முடிந்த பிறகும் பின்னணியில் தொடர்ந்தால் அவசியம் மூட வேண்டும். ஏனென்றால் இவை உறையாமல் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

ரேம் பூஸ்டர், க்ளீனர் என்று வரும் ஆப்களை நீக்கிவிடுங்கள் என்றே சொல்வேன். அவை மூடும் ஆப்களில் பல தானாகவே திரும்ப எழுந்துகொள்ளும், மறுபடி மூடும், மறுபடி எழும். இந்தச் சுழற்சியே சார்ஜைத் தின்னும். கூடவே விளம்பரமும் காட்டும். ஆண்ட்ராய்டிலேயே 2015 முதல் டோஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. போன் அசையாமல் கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிவைத்து மொத்தமாகச் செய்யும். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 கொண்டுவந்த அடாப்டிவ் பேட்டரி, அரிதாகத் தொடும் ஆப்களைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வேலையை வெளியிலிருந்து வரும் ஓர் ஆப் இதைவிட நன்றாகச் செய்ய வழியில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்களின் போன்கள் பின்னணி ஆப்களை அளவுக்கு மீறிக் கொல்லும். அலாரம் அடிக்காமல் போவது, மெசேஜ் ஆப்பைத் திறந்த பிறகே செய்தி வந்து விழுவது, நடைக் கணக்கு பாதியில் நின்றுபோவது எல்லாம் அதன் அறிகுறிகள். அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மருந்து வேளையை நினைவூட்டும் ஆப் வைத்திருப்பவர்கள் இதை இன்றே பார்த்துவிடுவது நல்லது.

விர்ச்சுவல் ரேம் என்று போன்களில் வரும் வசதி, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேமுக்குத் துணையாக ஒதுக்குவது. ஸ்டோரேஜின் வேகம் ரேமை விட மிகக் குறைவு. 8 ஜிபி ரேமும் 8 ஜிபி விர்ச்சுவல் ரேமும் சேர்ந்தால் 16 ஜிபி ரேம் போன் ஆகிவிடாது.

## ஸ்டோரேஜ் நிரம்பினால் ஏன் மந்தமாகிறது?

போனின் ஸ்டோரேஜ் ஃப்ளாஷ் நினைவகம். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. இதற்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும், அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் முழுப் பலகையையும் துடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வேண்டிய வரிகளை வேறு பலகையில் எழுதிவைத்துவிட்டு இதைத் துடைப்போம். ஃப்ளாஷின் கட்டுப்பாட்டுச் சில்லு செய்வதும் அதுதான்.

காலித் தொகுதிகள் நிறைய இருந்தால் இந்த இடமாற்றம் போன் சும்மா இருக்கும் நேரத்தில் நடந்துமுடியும், நமக்குத் தெரியாது. இடம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டால், நீங்கள் போட்டோ எடுக்கும் அதே கணத்தில் நகர்த்தி, துடைத்து, எழுத வேண்டியிருக்கும். கேமரா தொங்குவதும், ஆப் அப்டேட் இழுப்பதும், கீபோர்டு மெதுவாக வருவதும் அப்போதுதான். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருப்பது பாதுகாப்பான வழக்கம்.

இடத்தை மீட்கும்போது எதிலிருந்து தொடங்குவது?

1. சாட் ஆப்களில் தானாக இறங்கும் வீடியோக்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் எந்தக் குழுவில் எவ்வளவு இருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். ஒரே வீடியோ பல குழுக்களில் வந்திருப்பது அங்கே கண்ணில் படும். அதே பகுதியில் மீடியா ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிட்டால், அடுத்த மாதம் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டாம்.

2. குப்பைத்தொட்டி. நீக்கிய படங்கள் உடனே போய்விடுவதில்லை. ஐபோனில் ரீசன்ட்லி டெலீட்டட் ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும். நிறைய நீக்கியும் இடம் கூடவில்லையே என்று திகைப்பவர்கள் அங்கே போய்க் காலிசெய்ய வேண்டும்.

3. எப்போதாவது பயன்படும் ஆப்கள். ஐஓஎஸ்-ல் 2017 முதல் ஆஃப்லோடு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆர்க்கைவ் என்ற பெயரில் வந்திருக்கிறது. ஆப் போய்விடும், உங்கள் தரவும் ஐகானும் இருக்கும், தொட்டால் திரும்ப இறங்கும்.

4. கேஷ். இது ஆப் தன் வேகத்துக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள். க்ளியர் கேஷ் கொடுத்தால் ஒன்றும் இழக்க மாட்டீர்கள், ஆனால் சில நாளில் மறுபடி சேரும். அதன் பக்கத்திலேயே இருக்கும் க்ளியர் ஸ்டோரேஜ் அல்லது க்ளியர் டேட்டா வேறு. அது கணக்கு, அமைப்பு, சேமித்தவை அத்தனையையும் துடைத்து, ஆப்பைப் புதிதாக நிறுவியது போலாக்கிவிடும். இரண்டு பொத்தானும் அடுத்தடுத்து இருப்பதால் விரல் தவறிவிடக் கூடாது.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இதில் இழந்தவர்கள் ஏராளம். கிளவுடில்தான் இருக்கிறதே என்று நம்பிப் போனில் படத்தை நீக்குகிறார்கள். ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும் ஒத்திசைவு முறையில் வேலை செய்பவை. போனிலிருக்கும் அந்த ஆப்பில் நீக்கினால் கிளவுடிலிருந்தும், உங்கள் மற்றச் சாதனங்களிலிருந்தும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால், கூகுள் போட்டோஸில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற தனித் தேர்வு இருக்கிறது. கிளவுடில் ஏறிவிட்ட படங்களின் போன் நகலை மட்டும் அது நீக்கும். ஐபோனில் ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ் என்ற அமைப்பு, முழுப் படத்தைக் கிளவுடில் வைத்துக்கொண்டு போனில் சிறு நகலை விடும். திரும்ப எடுக்க முடியாத குடும்பப் படங்களுக்குக் கிளவுடுக்கு வெளியேயும், கணினியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ, ஒரு பிரதி இருக்கட்டும்.

## அனுமதிகள்: ஒருமுறை கொடுத்தது என்றைக்குமா?

ஆண்ட்ராய்டில் 2015-க்கு முன்பு ஆப்பை நிறுவும்போதே எல்லா அனுமதியும் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 6-லிருந்து தேவைப்படும்போது கேட்கும் முறை வந்தது. 2020-ல் ஆண்ட்ராய்டு 11, "இந்த ஒருமுறை மட்டும்" என்ற தேர்வைத் தந்தது. மாதக்கணக்கில் திறக்காத ஆப்பின் அனுமதிகளைத் தானாகத் திரும்பப் பெறுவதும் அதிலேயே வந்தது. கேமராவோ மைக்கோ இயங்கும்போது திரையின் மேலே புள்ளி ஒளிர்வது ஐஓஎஸ் 14-லும் ஆண்ட்ராய்டு 12-லும் வந்த ஏற்பாடு. நீங்கள் பேசாதபோதும் படமெடுக்காதபோதும் அந்தப் புள்ளி எரிந்தால், மேலிருந்து திரையை இழுத்து எந்த ஆப் என்று பாருங்கள்.

இடத்தை அறியும் அனுமதியை "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைத்தால் தனியுரிமையும் காக்கப்படும், சார்ஜும் மிச்சமாகும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஆக்சஸிபிலிட்டி அனுமதி. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவ உருவான அது, திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் ஓர் ஆப்பை அனுமதிக்கிறது. வங்கிப் பணம் திருடும் மால்வேர் ஆப்கள் குறிவைப்பது இதைத்தான். டார்ச், வால்பேப்பர், கூப்பன் ஆப் எதுவும் இதைக் கேட்டால் தயங்காமல் நீக்குங்கள்.

## சின்ன மாற்றங்கள், உடனடிப் பலன்

ஆண்ட்ராய்டு போன் "வேகமான" உணர்வைப் பெற ஒரு வழி உண்டு. அபவுட் போன் பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் விண்டோ, ட்ரான்சிஷன், அனிமேட்டர் என்ற மூன்று அனிமேஷன் அளவுகளையும் 1-லிருந்து 0.5-க்கு மாற்றுங்கள். செயலியின் வேகம் கூடாது, திரை மாறும் அசைவின் நேரம் பாதியாகும், காத்திருப்பு குறையும். பழைய போனில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எதையும் தொட வேண்டாம்.

கேமராவுக்கு மூன்று விஷயம். லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி பரவும், மென்மையான துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். இரண்டாவது, திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டப்படும், ஜன்னலுக்கு எதிரே நிற்பவரின் முகம் இருண்டுபோகாமல் எடுக்க இது உதவும். மூன்றாவது, டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஜூம் செய்வதை விட இரண்டடி முன்னே போய் எடுத்தால் விவரம் கூடும்.

## பேட்டரியை மாற்றுவதா, போனை மாற்றுவதா?

ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கம் கொள்திறனைக் காட்டும், ஐபோன் 15 முதல் சுற்றுகளின் எண்ணிக்கையும் தெரியும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் பேட்டரித் தகவல் பக்கம் உண்டு. கொள்திறன் 80-க்குக் கீழே போய், போன் மற்றபடி உங்கள் வேலைக்குப் போதுமானதாக இருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றுவதே என் தேர்வு. அதற்கு முன் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். 2023-ல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த கேலக்ஸி எஸ் 24-க்கும் 7 ஆண்டு அப்டேட் அறிவித்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட போனுக்கு நடுவில் ஒருமுறை புது பேட்டரி போடுவது நியாயமான செலவு. அப்டேட் நின்று வருடங்கள் ஆகிவிட்ட போனில் வங்கி ஆப் வைத்திருப்பவர்கள் புதிய போன் பக்கம் யோசிக்கலாம்.

பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு இடைவெளி தெரிந்தாலோ, சதவீதக் கணக்கெல்லாம் வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே நெம்பித் திறக்காதீர்கள். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். அணைத்து, எரியும் பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

போன் நல்ல நிலையில் இருந்து பேட்டரி மாற்ற மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம், பாஸ்வேர்டை எழுதிக் கொடுப்பதற்குப் பதில், பிக்சலில் ரிப்பேர் மோடும் சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடும் போட்டுக் கொடுங்கள். அந்த நிலையில் பழுதுபார்ப்பவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் செய்திகளும் அவர் கண்ணில் படாது. திரும்ப வாங்கியதும் உங்கள் பின் எண்ணைப் போட்டு அந்த மோடிலிருந்து வெளியே வந்துவிடலாம்.